செவுள்ல ஒரு வெள்ளைப் பொட்டு

ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியா தீவுல, ஹோபார்ட்டுக்கு தெக்கால ஒரு சால்மன் பண்ணைல வேலைக்கு சேர்ந்து இது எனக்கு ரெண்டாவது சம்மர். சம்மர்னா எங்களுக்கு செவுள் செக் சீசன், அமீபாங்கிற ஒத்தை செல் உயிரி மீன் செவுள்ல ஒட்டி நோய் கொடுக்குதான்னு பார்க்கிறது. கூண்டுலேர்ந்து முப்பது நாப்பது மீன் அள்ளி மயக்க மருந்து கலந்த தொட்டில போடுவோம், அந்த மருந்து கிராம்பு எண்ணெய் வகையறா, மொத நாள் மோந்து பார்த்துட்டு எங்கடா பிரியாணின்னு திரும்பிப் பார்த்தேன். மீன் கிறங்கினதும் செவுள் மூடியைக் கட்டைவிரலால தூக்கி, டார்ச் அடிச்சு, பக்கத்துக்கு நாலா வளைஞ்சு நிக்கிற செவுளை ஒண்ணொண்ணா புரட்டிப் பார்க்கணும். நல்ல மீன்னா ரத்தச் செவப்பு. அமீபா ஏறியிருந்தா அதுமேல அவிச்ச முட்டையோட வெள்ளைக்கரு துணுக்கு ஒட்டின மாதிரி திட்டுத் திட்டா இருக்கும். அதுக்கு மார்க் போடுவோம், சுத்தமா இருந்தா 0, பாதிக்கு மேல வெள்ளையா போயிருந்தா 5.

இதுல கொடுமை என்னன்னா அமீபா நேரா கழுத்தை நெரிக்கிறதில்ல, அது வந்து ஒட்டினதும் மீனே பதறிப்போய் சளியா சுரக்குது, செவுள் தோல் செல்லெல்லாம் பெருகி தடிச்சுப்போய் பக்கத்து மடிப்போட ஒட்டிக்குது, சீப்புப் பல்லுக்கு நடுவுல மெழுகு ஊத்தின மாதிரி. அப்புறம் ஆக்சிஜன் எங்க உள்ள போக? சூடான தண்ணில ஆக்சிஜனே கம்மி, அமீபா ஆட்டம் போடறதும் அப்பதான்.

1980கள்ல இங்க சால்மன் வளர்க்க ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே இந்த நோயும் வந்துடுச்சு. ஆனா ரொம்ப வருஷம் வேற ஒரு அமீபா மேல பழி போட்டுட்டு இருந்திருக்காங்க, லேப்ல அதை வளர்த்து மீன் மேல விட்டா நோயே வரலையாம்! 2007லதான் நியோபாராமீபா பெருரான்ஸ்னு நிஜ ஆள் மாட்டினான், 2012ல அவன்தான்னு நிரூபிச்சாங்க. அந்த சமயத்துல அயர்லாந்து, ஸ்காட்லாந்து, நார்வே எல்லாத்துலயும் பரவி அங்கயும் தலைவலி.

வைத்தியம் கேட்டா சிரிப்பீங்க, நல்ல தண்ணி குளியல், அவ்ளோதான். சால்மன் ஆத்துல பொறந்து கடலுக்குப் போற சாதி, ரெண்டு தண்ணியும் தாங்கும், அமீபாவுக்கு உப்பு இல்லாட்டி கதை முடிஞ்சது. பெரிய போட்ல நல்ல தண்ணி ரொப்பி, மீனை பம்ப் பண்ணி உள்ள ஏத்தி, ஆக்சிஜன் விட்டு ரெண்டு மூணு மணி நேரம் வெச்சிருந்து திருப்பி விடுவோம். ஆனா மறுபடி வரும், சம்மர்ல ஒரு மாசம் போனாலே மார்க் ஏற ஆரம்பிச்சிடும், குளிப்பாட்டற செலவுதான் மொதலாளிங்க புலம்பல்ல பாதி.

போன வருஷம் நான் ஒரு சொதப்பு சொதப்பினேன். ஒரு கூண்டுல வெளிறின திட்டு எதைப் பார்த்தாலும் 3, 3ன்னு போட்டுட்டே போனேன், சூப்பர்வைசர் போட்டுக்கே போன் பண்ணிட்டாரு. நல்லவேளை பண்ணையோட மீன் டாக்டரம்மா கொஞ்சம் சளியை வழிச்சு மைக்ரோஸ்கோப்ல பார்த்தாங்க, ஒரு அமீபா கூட இல்ல, ஜெல்லிமீன் கொட்டின காயம்! ஏற்கனவே செவுள் புண்ணான மீனைப் பிடிச்சு பம்ப்ல ஏத்தியிருந்தா அந்த அலைச்சல்லயே நிறைய செத்திருக்கும். அதுலேர்ந்து சந்தேகமா இருந்தா மார்க் போடாம ஸ்லைடு எடுத்து அனுப்பிடறேன், டாக்டரம்மா திட்டினாலும் சரி.

நேத்து ஏழாம் கூண்டுல நிறைய 2, நாலஞ்சு 3. சந்தேகமே இல்ல, சளி விரல்ல வழுவழுன்னு ஒட்டுச்சு. போட் இன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வருதாம், ஜாக்கெட்டை இப்பவே காயப் போட்டிருக்கேன்.