1864: சிகாகோ தீர்மானமும் பட்டாளத்து ஓட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நடுநிலைப் பதிவு அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன தெற்கு மாநிலங்களோடு வடக்கு சண்டையிட்டுக்கொண்டிருந்தபோது நடந்த 1864 அதிபர் தேர்தலில், அப்போது அதிபராக இருந்த லிங்கனின் கட்சி நான். என் ஓட்டு இனி யாருக்கும் உதவாது என்பது வேறு விஷயம். ஆனால் "தெற்கின் அட்லாண்டா நகரம் விழுந்தது, லிங்கன் ஜெயித்தார்" என்று அந்தத் தேர்தலை ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்னொரு கூட்டம் இருக்கிறது: போர்க்காலத்தில் நாற்காலியில் இருப்பவர் எப்படியும் ஜெயிப்பார் என்பார்கள். அந்த ஆகஸ்ட் மாதத்தில் லிங்கனே அதை நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. மே, ஜூன் மாதங்களில் வர்ஜீனியாவில் வடக்குத் தளபதி கிராண்ட் நடத்திய சண்டைகளில் வடக்குப் படை இழந்தது, செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 55,000 பேர். அத்தனைக்கும் பிறகு அங்கேயே பீட்டர்ஸ்பர்க் நகர் முன்னால் பள்ளம் தோண்டி உட்கார வேண்டியதாயிற்று. ஜூலையில் ஜூபல் எர்லியின் தெற்குப் படை வாஷிங்டன் விளிம்பில் ஸ்டீவன்ஸ் கோட்டை வரை வந்துவிட்டுப் போனது. அதே மாதம் 18ஆம் தேதி இன்னும் 5 லட்சம் ஆள் வேண்டும் என்று அறிவிப்பு. தேர்தல் வருஷத்தில் எந்த அரசியல்வாதி இதைச் செய்வான்? போதாக்குறைக்கு, 1832ல் ஆண்ட்ரூ ஜாக்சனுக்குப் பிறகு எந்த அதிபரும் இரண்டாம் முறை ஜெயித்ததில்லை.

ஆகஸ்ட் 23 அன்று லிங்கன் ஒரு தாளில் சில வரிகள் எழுதினார். இந்த அரசு மறுபடி தேர்ந்தெடுக்கப்படாது என்றே தோன்றுகிறது. அப்படியானால் தேர்தலுக்கும் பதவியேற்புக்கும் இடையில் புதியவரோடு சேர்ந்து ஒன்றியத்தை (நாடு உடையாமல் ஒன்றாக இருப்பதை) காப்பாற்றுவது என் கடமை, ஏனென்றால் அவர் ஜெயிக்கும் விதமே அதற்குப் பிறகு காப்பாற்ற விடாது. இதுதான் சாரம். தாளை மடித்து, உள்ளே இருப்பதைக் காட்டாமலே மந்திரிகளிடம் நீட்டிப் பின்பக்கம் கையெழுத்து வாங்கினார். தேர்தல் முடிந்து நவம்பர் 11 அன்றுதான் பிரித்து வாசித்துக் காட்டினார். அக்காலத்தில் பதவியேற்பு மார்ச் 4. நவம்பரில் தோற்றவர் நாலு மாதம் போரை நடத்தியாக வேண்டும். அந்த நாலு மாதத்துக்கான ஏற்பாடுதான் அந்தத் தாள்.

இப்படி ஜெயிக்கிற சீட்டுகள் கையில் இருந்தும் எதிரணியான ஜனநாயகக் கட்சி ஆட்டத்தை எப்படிக் கெடுத்துக்கொண்டது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். ஜனநாயகக் கட்சி மாநாடு முதலில் ஜூலை 4க்கு வைக்கப்பட்டிருந்தது. தள்ளிப்போட்டு ஆகஸ்ட் 29 அன்று சிகாகோவில் கூடினார்கள். கட்சிக்குள் இரண்டு கும்பல்: போரை நடத்துவோம், ஆனால் நாங்கள் நன்றாக நடத்துவோம் என்பது ஒன்று, உடனே நிறுத்து என்பது மற்றொன்று. இரண்டாவது கும்பலுக்கு எதிரிகள் வைத்த பெயர் காப்பர்ஹெட், ஒரு விஷப் பாம்பின் பெயர். இரண்டு பேரையும் திருப்திப்படுத்தப் பங்கு பிரித்தார்கள். வேட்பாளர் முதல் கும்பலுக்கு: ஜார்ஜ் மெக்லெல்லன், லிங்கன் 1862ல் நீக்கிய தளபதி. கொள்கை அறிக்கையும் துணை அதிபர் வேட்பாளரும் இரண்டாவது கும்பலுக்கு: ஒஹையோவின் ஜார்ஜ் பெண்டில்டன். அறிக்கையின் சமாதானப் பத்தி அந்த இரண்டாவது கும்பலின் தலைவர் கிளெமென்ட் வலாண்டிகம் கைவண்ணம். நாலு வருஷப் போர் தோற்ற சோதனை, சண்டையை நிறுத்த உடனே முயற்சி செய்ய வேண்டும், பிறகு மாநிலங்களின் மாநாடு கூடிப் பேசலாம் என்றது அது.

கோளாறு அந்த வரிசையில் இருக்கிறது. ஒன்றியத்துக்குத் திரும்பச் சம்மதித்தால் சண்டை நிற்கும் என்று சொல்லவில்லை. முதலில் நிற்கட்டும், பிறகு பேசுவோம் என்றது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்ட படையைப் பேச்சு முறிந்த பிறகு மறுபடி திரட்டுவது யார்? தெற்குக்கு விடுதலை வேண்டும், அதற்கு வடக்கு களைத்துப் போனால் போதும். நிபந்தனையில்லாத போர்நிறுத்தம் என்றால் அந்தக் களைப்பை எழுத்தில் ஒப்புக்கொடுப்பது. அடிமை முறையைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பது தனிக் கதை.

ஆகஸ்ட் 31 அன்று மாநாடு கலைந்தது. செப்டம்பர் 2 அன்று வடக்குத் தளபதி ஷெர்மனின் படை அட்லாண்டாவுக்குள் நுழைந்தது. போர் தோல்வி என்று அச்சடித்த மை காயவில்லை! செப்டம்பர் 8 அன்று மெக்லெல்லன் ஏற்புக் கடிதம் எழுதினார்: ஒன்றியம்தான் ஒரே நிபந்தனை, என் தோழர்கள் முகத்தில் விழித்து அவர்கள் தியாகம் வீண் என்று சொல்ல என்னால் ஆகாது. நல்ல கடிதம்தான். ஆனால் அறிக்கை ஒன்று சொல்ல வேட்பாளர் வேறொன்று சொல்ல, பக்கத்திலேயே பெண்டில்டன் நிற்க, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். அட்லாண்டா மட்டும் விழுந்து சிகாகோ அறிக்கை இல்லாமல் இருந்திருந்தால், மெக்லெல்லன் "நானும் போரை முடிப்பேன், குறைந்த ரத்தத்தில்" என்று பேசியிருக்கலாம். அந்த வாசலை அவர் கட்சிக்காரர்களே பூட்டிச் சாவியையும் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்தது பட்டாளத்து ஓட்டு. 19 மாநிலங்கள் சிப்பாய்கள் முகாமிலிருந்தே ஓட்டுப் போடச் சட்டம் செய்திருந்தன. வாக்குச்சீட்டை அக்காலத்தில் அரசு அச்சடிக்காது. கட்சிகள்தான் தங்கள் வேட்பாளர் பெயரைப் போட்டு அச்சடித்து விநியோகிக்கும். ரகசியம் என்பதே கிடையாது, எந்தக் கட்சிச் சீட்டு கையில் இருக்கிறது என்பது பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியும். பல மாநிலங்களில் ரெஜிமென்டுக்குள்ளேயே வாக்குச்சாவடி, எண்ணிய கணக்கை முத்திரையிட்டு மாநிலத் தலைநகருக்கு அனுப்புவார்கள்.

நியூயார்க் வழி வேறு. கவர்னர் ஹொரேஷியோ சீமோர், ஜனநாயகக் கட்சி, 1863ல் இதற்கான மசோதாவைத் தடுத்துவிட்டார். 1864 மார்ச்சில் மக்கள் அரசியல் சட்டத்தையே திருத்தி ஒப்புக்கொண்ட பிறகுதான் வழி பிறந்தது. சிப்பாய் சீட்டை ஓர் உறையில் போட்டு ஒட்டுவான். எனக்குப் பதிலாக இன்னார் போடலாம் என்று அதிகாரப் பத்திரம் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் அதிகாரியின் சான்றும் வாங்குவான். எல்லாம் இன்னொரு உறைக்குள் போய் ஊரில் இருக்கும் நம்பிக்கையான ஓர் ஆளுக்குத் தபாலில் போகும். தேர்தலன்று அவர் அதைச் சாவடியில் கொடுப்பார். எங்கெல்லாம் கோளாறு வரலாம் பாருங்கள்: கையெழுத்து விட்டுப்போகலாம், வேறு கவுண்டியின் (மாவட்டத்தின்) சீட்டு உள்ளே போகலாம், தபால் தாமதமாகலாம். எல்லாவற்றையும்விட மோசம், நடுவில் இருக்கும் முகவர் உறையை மாற்றலாம். அக்டோபரில் அதுதான் வெடித்தது. சிப்பாய்கள் பெயரில் பொய்க் கையெழுத்துப் போட்டதாக நியூயார்க்கின் ஜனநாயகக் கட்சி முகவர்கள் கைதாகி, ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். குற்றம் பெரிது. ஆனாலும் சிவிலியனை, அதுவும் தேர்தல் வழக்கில், ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியது நம் பக்கத்துக்குப் பெருமை இல்லை. மே மாதம் ஒரு போலிப் பிரகடனத்தை நம்பி அச்சிட்டதற்காக நியூயார்க்கில் இரண்டு பத்திரிகைகளைச் சில நாள் மூடியதும் அப்படித்தான்.

இண்டியானாவில் சிப்பாய்க்கு ஓட்டே இல்லை. சட்டமன்றம் எதிரணி கையில். அங்கே மாநிலத் தேர்தல் அக்டோபர் 11. செப்டம்பர் 19 அன்று லிங்கன் ஷெர்மனுக்கு எழுதினார்: பாதுகாப்பாகச் செய்ய முடிந்தால் இண்டியானா ஆட்களை ஊருக்குப் போய் ஓட்டுப் போட விடுங்கள், இது எந்த விதத்திலும் உத்தரவு அல்ல. தலைமைத் தளபதி "உத்தரவு அல்ல" என்று எழுதினால் கீழே இருப்பவருக்கு அது எப்படிக் கேட்கும்? ஆள்பலத்தை ஆதாயமாக்கினார், மறைப்பானேன்.

ஆனால் சிப்பாய்களை யாரும் ஏமாற்றவில்லை. தனியாக எண்ணப்பட்ட பட்டாளத்து ஓட்டு சுமார் 1,50,000. அதில் நூற்றுக்கு 78 அளவில் லிங்கனுக்கு. மெக்லெல்லனே உருவாக்கி வளர்த்த பொட்டோமாக் படையிலும் பெரும்பான்மை லிங்கனுக்குத்தான். அவர்மேல் பாசம் போகவில்லை. அவர் தோளில் தொங்கிய அறிக்கையைத்தான் அவர்கள் பொறுக்கவில்லை. மேரிலாந்தில் அடிமை முறையை ஒழித்த புதிய அரசியல் சட்டம் வெறும் 375 ஓட்டில் தப்பியது. உள்ளூர் ஓட்டில் தோற்றுக்கொண்டிருந்ததைத் தூக்கி நிறுத்தியது சிப்பாய்கள்.

நவம்பர் 8 இரவு வாஷிங்டனில் மழை. லிங்கன் போர்த்துறைத் தந்தி அறையில் உட்கார்ந்து முடிவுகளை வாங்கிக்கொண்டிருந்தார். மொத்தத்தில் 22 லட்சம் ஓட்டுக்கு 18 லட்சம். மாநிலவாரியாகக் கிடைத்து அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் கணக்கில் 212க்கு 21. மெக்லெல்லனுக்குக் கிடைத்தவை நியூஜெர்சி, டெலவேர், கென்டக்கி மட்டும். 212 என்றதும் சுனாமி என்று நினைக்க வேண்டாம். 33 தேர்வாளர்கள் உள்ள நியூயார்க்கில் வித்தியாசம் 7,000க்கும் குறைவு. அங்கே அந்த இரட்டை உறைகள் ஒவ்வொன்றும் கணக்குக்கு வந்தன.

பதவியேற்பு வரை காத்திராமல், அதே பழைய பிரதிநிதிகள் சபையில், ஜூன் மாதம் 93க்கு 65 என்று மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் விழுந்த, அடிமை முறையை ஒழிக்கும் 13ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தை லிங்கன் மறுபடி எடுத்தார். 1865 ஜனவரி 31 அன்று 119க்கு 56 என்று நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்ட 56 பேரில் ஒருவர், ஒஹையோ உறுப்பினர் ஜார்ஜ் பெண்டில்டன்.