தட்டிக்கழிக்கப்பட்ட இரண்டாவது கொட்சில்லா

உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்த எவருக்கும் விழும் கல்லின் கணக்கு மறந்திராது. விழ எடுக்கும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். மண்டபத்தில் திரை கட்டி நாம் பார்த்த இராட்சதப் படங்களும் இதே கணக்கில்தான் ஓடின என்பது அந்நாளில் எங்களில் பலருக்குத் தெரியாது. அதைக் கண்ணால் காண ஏற்ற படம் கொட்சில்லா என்ற இராட்சதப் பிராணியை வைத்து யப்பானில் எடுத்த தொடரில், 1955 ஏப்ரலில் வந்த இரண்டாவது படம்.

முதற்படம் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவசரமாகச் செய்தது என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முதற்படத்தின் கனதி இதில் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் இரண்டு இராட்சதப் பிராணிகள் மோதுவதை இந்தத் தொடர் முதன்முதலில் காட்டியது இதிலேதான். எதிரி அங்கிரஸ், முதுகெல்லாம் முள் நிறைந்த நாலுகால் பிராணி.

கதையில் கொட்சில்லாவின் உயரம் 50 மீற்றர். படப்பிடிப்பில் றப்பர் உடைக்குள் நிற்பவரோடு சேர்த்து அது ஏறத்தாழ 2 மீற்றர், அதாவது இருபத்தைந்தில் ஒன்று. 25இன் வர்க்கமூலம் 5; சிறிய மாதிரிச் சுவர் ஐந்திலொரு பங்கு நேரத்தில் விழுந்துவிடும். ஆகவே இடியும் சுவர் பாரமாகத் தெரிய, செக்கனுக்கு 24 பிரேம் எடுக்கும் கமராவை 120க்கு ஓடவிட்டு, திரையில் 24க்கே காட்ட வேண்டும். ஒரு பிரேமுக்கு ஒளிபடும் நேரம் ஐந்திலொன்றாகிவிடுவதால் வெளிச்சம் ஐந்து மடங்கு வேண்டும். அந்தச் சூட்டில் றப்பர் உடைக்குள் இருப்பவர் அவிந்துபோவார்.

ஒசாக்கா நகரில் நடக்கும் சண்டையை எடுத்தபோது ஒரு கமரா தவறுதலாக மெதுவான ஓட்டத்தில் விடப்பட்டது. திரையில் போட்டால் இரண்டு பிராணிகளும் விறுவிறுவென்று பாய்ந்தன. தந்திரக்காட்சிகளுக்குப் பொறுப்பான எய்ஜி த்சுபுராயா அதை எறியவில்லை, படத்தில் சேர்த்துக்கொண்டார். கணக்குப்படி பிழைதான்; அவ்வளவு பெரிய உடம்பு அப்படித் திரும்பாது. ஆனாலும் தெருநாய்கள் கழுத்தைக் கவ்விப் புரளும் மூர்க்கம் அதில் இருக்கிறது. பிந்திய படங்களில் இந்த மூர்க்கம் அரிது.

ஒசாக்காக் கோட்டை மாதிரியைக் கம்பி கட்டி இழுத்து இடிப்பதாக ஏற்பாடு. இழுத்தார்கள், அசையவில்லை. கொட்சில்லாவாக நடித்த ஹருவோ நகாஜிமாவும் அங்கிரஸாக நடித்த கத்சுமி தெசுகாவும் மோதிப் பார்த்தும் சரிவரவில்லை. த்சுபுராயா “கட்” சொன்னது கம்பி இழுத்தவர்களுக்குக் கேட்கவில்லை. கமரா நின்றபின் கோட்டை பொலபொலவென்று விழுந்தது! ஒரு பகுதியைத் திரும்பக் கட்டித்தான் எடுத்தார்கள்.

அங்கிரஸின் பின்கால்களையும் கவனியுங்கள். உள்ளிருப்பவர் முழங்காலில் தவழ்வதால் பாதங்கள் பின்னால் தெரிந்துவிடும். அதை மறைக்கக் கட்டிடங்களை முன்னால் வைத்திருப்பார்கள்.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பெரிது படத்தின் இருட்டு. வெளிச்சம் கொட்சில்லாவை இழுக்கும் என்பதால் நகரமே விளக்கணைத்துக் கிடக்கிறது. விமானங்கள் கடற்பக்கம் போட்ட ஒளிக்குண்டுகளைப் பார்த்து அது திரும்பிப் போகத் தொடங்குகிறது. அந்நேரம் தப்பியோடும் கைதிகளின் வாகனம் எண்ணெய்க் கிடங்கில் மோதித் தீப்பற்ற, மறுபடி நகரத்தை நோக்கித் தலையைத் திருப்புகிறது. போர் முடிந்து பத்து ஆண்டுகூட ஆகாத யப்பானியருக்கு, குண்டுவீச்சுக்குப் பயந்து விளக்கணைக்கும் இருட்டடிப்பை விளக்கவேண்டிய தேவை இருந்திராது.

பார்ப்பதானால் யப்பானிய மூலத்தைப் பாருங்கள். 1959இல் வந்த அமெரிக்கப் பதிப்பில் கொட்சில்லாவின் பெயரை ஜைகாண்டிஸ் என்று மாற்றி, பெரும்பாலான இடங்களில் அங்கிரஸின் கத்தலையே அதன் வாயில் போட்டு, மசாரு சாட்டோவின் இசையையும் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள்.