கிராங்க் சத்தம்: செய்முறைத் தேர்வுக்குத் தயாராகும் முறை

"மிதிக்கும்போது சத்தம் வருகிறது, காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்க." சைக்கிள் பழுதுபார்ப்புப் பயிற்சியின் செய்முறைத் தேர்வில் இப்படியொரு கேள்வி வந்தால் பலருடைய கையும் நேராகக் கிராங்க் புல்லரைத்தான், அதாவது பெடலைத் தாங்கும் கிராங்க் தண்டைக் கழற்றும் கருவியைத்தான் தேடும். வேலை கெடுவது அங்கேதான். கிராங்கைக் கழற்றிவிட்டால் தடயமும் அதோடு போய்விடும். தளர்ந்திருந்தது கிராங்க் போல்டா, செயின்வீல் (செயினை இழுக்கும் முன்பக்கப் பல்சக்கரம்) போல்டா, பெடலா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் கழற்றி, கிரீஸ் வைத்து, இறுக்கி மாட்டினால் சத்தம் நிற்கக்கூடும். ஆனால் எதனால் நின்றது என்று கேட்டால் பதில் இருக்காது. இந்தக் கேள்வி சோதிப்பது முதலில் காதையும் கையையும். ஸ்பேனர் அதற்குப் பிறகுதான்.

ஃபிரேமின் குழாய்கள் உள்ளே வெறுமையானவை. பின்சக்கர அச்சின் நட் தளர்ந்து எழும் சத்தமும், சீட் போஸ்ட் உராயும் சத்தமும் குழாய் வழியே ஓடி, காலடியில் கேட்பது போலத் தோன்றும். மிதிக்கும் விசை ஒரே நொடியில் பெடல், கிராங்க், செயின், பின்சக்கரம், சீட், ஹேண்டில்பார் என எல்லா இணைப்புகளையும் இழுப்பதால், சத்தம் மிதியோடு ஒத்துப்போவதை மட்டும் வைத்துக் கிராங்கைக் குற்றவாளியாக்க முடியாது. அதனால் ஓட்டிப் பார்க்கும் சோதனைகளை ஒரு வரிசையில் பழகிக்கொள்ளுங்கள்.

வேகமெடுத்துவிட்டு மிதிப்பதை நிறுத்தி உருளவிடுங்கள். சத்தம் தொடர்ந்தால் அது சக்கரம், மட்கார்டு, பிரேக் பக்கம். நின்றால் அடுத்த படி: சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதியுங்கள். அப்போது சத்தம் மறைந்தால் சீட் கிளாம்பையும் சீட் போஸ்ட்டையும் பாருங்கள். உருளும்போதே ஹேண்டில்பாரை மாறி மாறி இழுத்துப் பாருங்கள். அதே சத்தம் வந்தால் ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் பகுதி). இவை மூன்றும் கடந்த பிறகு, சமதரையில் மெதுவாக ஒற்றைக் காலால் மிதித்து, எந்தப் பக்கம் அழுத்தும்போது வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எண்ணுவது. தயாரிப்பில் பலரும் விட்டுவிடுகிற பகுதி இது. நோயறிதலில் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். கிராங்கின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை, எப்போதும் ஒரே நிலையில் "டொக்" என்றால் ஒரு பக்கப் பெடல், ஒரு பக்கக் கிராங்க் இணைப்பு, இல்லையேல் வளைந்த செயின்வீல். சுற்றுக்கு இரண்டு முறை, இரு கால் அழுத்தத்திலும் வந்தால் சந்தேகம் பிபி கப் (கிராங்க் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட் பேரிங்கின் கிண்ணம்) அல்லது செயின்வீல் போல்ட்கள் மீது விழும். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை "டிக்" என்றால் அது செயினில் இறுகிப்போன கண்ணி. கணக்கைப் பாருங்கள்: 112 கண்ணிச் செயின், 44 பல் செயின்வீல் என்றால் செயின் ஒருமுறை முழுதாக வர 112 ÷ 44, ஏறத்தாழ 2.5 கிராங்க் சுற்று. கிராங்க் ஒருமுறை சுற்றுவதற்குள் இரண்டு மூன்று முறை கேட்டால் பின்பக்க ஃப்ரீவீல் (பின்சக்கரத்தின் பல்சக்கரம்): 44 பல்லுக்கு 18 பல் என்றால் ஒரு மிதிச் சுற்றுக்கு 2.4 முறை அது சுற்றும். எண்ணிக்கையை விடைத்தாளில் எழுதுங்கள். "கிராங்கில் சத்தம்" என்பதைவிட "சுற்றுக்கு ஒருமுறை, வலது கிராங்க் முன்னால் கிடைமட்டமாக வரும்போது" என்பது பல மடங்கு மதிப்புள்ள வரி.

ஸ்டாண்டில் தூக்கி வைத்துக் கையால் சுற்றினால் பெரும்பாலும் சத்தமே வராது, ஏனென்றால் அங்கே பாரம் இல்லை. சைக்கிளைத் தரையில் நிறுத்தி, பின் பிரேக்கை இறுகப் பிடித்து, கிராங்கை முன்பக்கம் கிடைமட்டமாக வைத்துப் பெடலைக் காலால் அழுத்தி அழுத்தி விடுங்கள். கூட ஒருவர் இருந்தால் அவர் ஒவ்வொரு இணைப்பின் மீதும் விரல் நுனியை வைத்துப் பார்க்கட்டும். தளர்ந்த இணைப்பில் சத்தத்தோடு சிறு அதிர்வும் விரலுக்குத் தெரியும். காது ஏமாறும் இடத்தில் விரல் ஏமாறுவது குறைவு.

பிறகு ஆட்டம் பார்க்க வேண்டும். கிராங்கின் நுனியைப் பிடித்து ஃபிரேமை நோக்கித் தள்ளி இழுங்கள். ஒரு பக்கக் கிராங்கை அசைத்தால் மறுபக்கக் கிராங்கும் கூடவே அசைகிறது என்றால் ஆட்டம் பிபியில். பிடித்த கிராங்க் மட்டும் அசைகிறது, அச்சும் மறுபக்கமும் அப்படியே நிற்கின்றன என்றால், அந்தக் கிராங்க் அச்சோடு சேரும் இணைப்பில் குறை. கிராங்கைக் கால் சுற்று திருப்பித் திருப்பி நான்கு நிலைகளிலும் பாருங்கள். ஒரு நிலையில் ஆட்டமும் இன்னொரு நிலையில் இறுக்கமும் இருந்தால் அச்சு வளைந்திருக்கலாம், அல்லது பால்ஸ் (பேரிங் குண்டுகள்) ஓடும் பாதை குழி விழுந்திருக்கலாம். கடைசியாகச் செயினைச் செயின்வீலிலிருந்து இறக்கிவிட்டுக் கிராங்கை மெல்லச் சுற்றுங்கள். கரகரப்பு இருந்தால் கையிலேயே தெரியும்.

இனி ஸ்பேனரை எடுக்கலாம், ஆனால் வெளியிலிருந்து உள்ளே. கியர் கேபிளின் நுனி கிராங்கில் தட்டுகிறதா, செயின் கவர் உராய்கிறதா, சைடு ஸ்டாண்ட் தளர்ந்திருக்கிறதா என்பதை ஒரு பார்வையில் முடித்துவிட்டுப் பெடலுக்குப் போங்கள்.

மரையின் திசையில்தான் பதற்றத்தில் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். வலது பெடல் வழக்கமான மரை (வலஞ்சுழியாகத் திருப்ப இறுகும்), இடது பெடல் எதிர் மரை (இடஞ்சுழியாகத் திருப்ப இறுகும்). ஆங்கில மரை பிபியில் இது நேர்மாறு: வலது கப் எதிர் மரை, இடது கப் வழக்கமான மரை. இடம் வலம் என்று மனப்பாடம் செய்வதைவிட இப்படி நினைவில் வையுங்கள்: ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தினால், பெடல் இரண்டும் பின்சக்கரப் பக்கம் திருப்பக் கழலும்; பிபி கப் இரண்டும் முன்சக்கரப் பக்கம் திருப்பக் கழலும். 70 மி.மீ. அகல இத்தாலிய மரை பிபியில் மட்டும் இரு பக்கமும் வழக்கமான மரை. ஆகவே கப்பைத் தொடுமுன் பிபி உட்காரும் ஃபிரேம் கூட்டின் அகலத்தை அளந்துவிடுங்கள். ஆங்கில மரைக் கூடு பெரும்பாலும் 68 அல்லது 73 மி.மீ. இருக்கும்.

இடது பெடலுக்கு எதிர் மரை ஏன் என்பது வாய்மொழித் தேர்வுக்கு ஏற்ற கேள்வி. பேரிங் உராய்வு பெடலைக் கழற்றாமல் இருக்க என்று சொன்னால் விடை தலைகீழ். உராய்வு உண்மையில் கழலும் பக்கமே இழுக்கிறது. மிதிக்கும் பாரம் எப்போதும் கீழ்நோக்கி நிற்க, கிராங்க் சுற்றுவதால் அந்த அழுத்தம் பெடல் அச்சின் மரையைச் சுற்றி வலம் வருகிறது. அதனால் அச்சு மரைக்குள் மெல்ல உருண்டு, எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். அந்தத் திரும்பல் இறுகும் பக்கமாக இருக்கவே இந்த ஏற்பாடு.

பெடலைக் கழற்றி மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினாலே பல "கிராங்க் சத்தங்கள்" போய்விடும். டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் கருவி) இல்லையென்றால் கணக்குப் போடுங்கள்: 20 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 40 நியூட்டன் மீட்டருக்கு 200 நியூட்டன், அதாவது சுமார் 20 கிலோ எடையின் அழுத்தம். எடைத் தராசு ஒன்றைக் கையால் அழுத்திப் பார்த்து இந்த அளவைக் கைக்குப் பழக்கலாம். அடுத்துச் செயின்வீல் போல்ட்கள்: ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, லேசாகக் கிரீஸிட்டு, எதிரெதிராக இறுக்குங்கள். ஒரு மாற்றம், ஒரு பாரச் சோதனை. இரண்டை ஒன்றாகச் செய்யாதீர்கள்.

கிராங்க் இணைப்பு மூன்று வகையில் உங்கள் முன் வரலாம்.

கோட்டர் பின் கிராங்கில் (ஆப்பு போன்ற ஆணியால் கிராங்கை அச்சோடு பிணைக்கும் வகை), பெடல் உச்சியைக் கடக்கும்போது ஒரு "டொக்" கேட்டால் கோட்டர் பின் தளர்ந்திருக்கிறது. நட்டை மட்டும் முறுக்கி இறுக்குவது தவறு. அது பின்னை உள்ளே இழுப்பதற்குள் மரை பிய்ந்துவிடும். கிராங்குக்கு அடியில் பின் நுழையும்படி துளையுள்ள குழாயையோ கட்டையையோ தரையில் ஊன்றித் தாங்கல் கொடுத்து, பின்னின் தலையில் சுத்தியலால் அடித்து உட்கார வைத்து, பிறகு நட்டை இறுக்குங்கள். தாங்கல் இல்லாமல் அடித்தால் அடி பால்ஸ் மீது இறங்கி, கப்பில் பள்ளம் விழும். ஒரு சத்தத்தைச் சரிசெய்யப் போய் இன்னொன்றை உண்டாக்கியதாகும். புதுப் பின்னாக இருந்தால் விட்டம் 9 மி.மீ.யா 9.5 மி.மீ.யா என்று அளந்து வாங்க வேண்டும். இரண்டு பின்களும் ஒன்றுக்கொன்று எதிர்முகமாக நுழைய வேண்டும், தட்டைப் பகுதியின் சரிவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது.

சதுர அச்சுக் கிராங்கில் புல்லரை மாட்டுமுன் போல்டை மட்டுமல்ல, உள்ளே ஒட்டியிருக்கும் வாஷரையும் எடுத்தாக வேண்டும். வாஷர் உள்ளேயே இருந்தால் புல்லரின் முனை அச்சுக்குப் பதில் அதில் முட்டி, கிராங்கின் மரையைப் பிய்த்துவிடும். புல்லரை முழு ஆழத்துக்கும் கையாலேயே திருகுங்கள். கழற்றியதும் கிராங்கின் சதுரக் கண்ணை வெளிச்சத்தில் பாருங்கள். மூலைகள் கூர்மையாக இருந்தால் துடைத்து மாட்டி, 35 முதல் 45 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கலாம். மூலைகள் வட்டமாகத் தேய்ந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் சில நாளில் தளரும். தளர்ந்த நிலையிலேயே ஓட்டப்பட்ட கிராங்க் அது, மாற்றுவதே தீர்வு. சதுரத்தில் கிரீஸ் வைப்பதா கூடாதா என்பதில் அனுபவசாலிகளிடமே இரு கருத்து உண்டு. தயாரிப்பாளரின் குறிப்பைப் பின்பற்றுவேன் என்று சொல்லிவிட்டு, போல்டின் மரையிலும் தலைக்கு அடியிலும் கிரீஸ் அவசியம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

24 மி.மீ. குழல் அச்சுக் கிராங்கில் வரிசைதான் முக்கியம். முதலில் இடது நுனியின் பிளாஸ்டிக் மூடியை ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும், 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர் வரை. பிறகே இரண்டு பக்கவாட்டு போல்ட்களையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக 12 முதல் 14 நியூட்டன் மீட்டருக்கு. போல்டை முதலில் இறுக்கிவிட்டால் மூடியால் எதையும் இழுக்க முடியாது, ஆட்டம் அப்படியே தங்கிவிடும்.

இதற்கெல்லாம் அடங்காத சத்தம்தான் பிபியுடையது. கார்ட்ரிட்ஜ் (பேரிங் உள்ளேயே மூடப்பட்ட ஒரே தொகுதி) வகையென்றால் கழற்றி, ஃபிரேமின் மரையில் படிந்த துருவையும் அழுக்கையும் துடைத்து, கிரீஸிட்டு 50 முதல் 70 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். கரகரப்பு உள்ளேயே இருந்தால் மொத்தமாக மாற்ற வேண்டியதுதான். பால்ஸ் வகையில் பொதுவாகப் பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குல பால்ஸ். ஒன்று கெட்டிருந்தாலும் முழு செட்டையும் மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பாரம் முழுவதும் பெரிய பால்ஸ் மீதே விழும். அச்சில் பால்ஸ் ஓடிய தடம் பளபளப்பாக இருந்தால் நல்லது, நகத்தை ஓட்டும்போது தட்டினால் குழி. சரிசெய்யும் இடது கப்பைச் சுற்றுவது கனக்கும்வரை இறுக்கி, ஒரு நூலளவு பின்வாங்கி, கப் நகராமல் பிடித்துக்கொண்டு, அதைப் பூட்டும் வளையமான லாக் ரிங்கை இறுக்க வேண்டும். லாக் ரிங் இறுகும்போது கப்பும் சற்று நகர்வது வழக்கம் என்பதால், இறுக்கியபின் ஆட்டத்தை மறுபடி பார்க்காமல் "முடிந்தது" என்று சொல்லாதீர்கள்.

எந்த வகையானாலும், கழற்றிய கிராங்கைத் துடைத்ததும் பெடல் துளையைச் சுற்றியும், செயின்வீலைத் தாங்கும் கிளைகள் பிரியும் இடத்திலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் கண்டால் இறுக்கும் வேலையை அங்கேயே நிறுத்தி, "கிராங்க் மாற்றும்வரை ஓட்டத் தகுதியற்றது" என்று எழுதிக் கையெழுத்திட்டு ஒப்படையுங்கள்.