பன்மையில் ஒரு பாவி

மார்ச் 5, 2025, புதன்

இன்று சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து நோன்பு தொடங்கும் நாள். எங்கள் கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசும் வழக்கம் இல்லை, மாலை ஆறரைக்கு ஆராதனை மட்டும். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க ஆறு மணிக்கே போய்விட்டேன். பாளையங்கோட்டை வெயில் மார்ச்சிலேயே சித்திரை வேலையைப் பார்க்கிறது.

பாவ அறிக்கை வந்ததும் எல்லோரும் முழங்காலில். வழிதவறிய ஆடுகள், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டது, செய்யக் கூடாததைச் செய்தது. ஐம்பது வருடமாகச் சொல்கிறேன், புத்தகம் தேவையில்லை. இன்றுதான் ஒன்று காதில் உறைத்தது. அதில் எல்லாமே பன்மை. செய்தோம், தவறினோம், எங்களுக்கு இரங்கும். இருநூறு பேர் ஒரே குரலில் சொல்லும்போது பாவம் தலைக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்த மாதிரி லேசாகிவிடுகிறது. உன் பங்கு எது என்று யாரும் கேட்பதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை.

நாற்பது நாளும் வீட்டில் கறி, மீன் கிடையாது. நேற்று ராத்திரி கறிக்கடையில் நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் நம் சபைதான்.

மார்ச் 9, ஞாயிறு

ஓய்வுநாள் பள்ளியில் எனக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். இன்று பாடம் 'பாவம்'. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதற்குப் பெரும்பாலும் வரும் சொல் 'ஹமார்த்தியா', குறி தப்புவது என்று அர்த்தம். ஸ்டம்பைப் பார்த்து எறிந்த பந்து எங்கோ போவதைப் போல என்றேன். கிரிக்கெட் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "சார், கீழ விழுந்தவங்களைப் பாத்து 'ஐயோ பாவம்'னு சொல்லுதோமே, அதுவும் இந்தப் பாவமும் ஒண்ணா?" வகுப்பே சிரித்தது. அது வேற, இது வேற என்று மழுப்பிவிட்டு மணி அடிக்கக் காத்திருந்தேன்.

வேறயா? மத்தியானம் படுத்தும் அதே யோசனை. தள்ளிவிட்டவன் செய்ததும் பாவம், விழுந்தவனும் பாவம். தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. லூக்கா சுவிசேஷம் 18இல் ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன், தூரத்தில் நின்று, கண்ணைக்கூட ஏறெடுக்காமல் மார்பில் அடித்துக்கொண்டு, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்கிறான். குற்றவாளி மாதிரியும் நிற்கிறான், நோயாளி மாதிரியும் நிற்கிறான். கிறிஸ்தவம் பாவத்தைப் பற்றிச் சொல்வதும் இந்த இரண்டையும் சேர்த்துத்தான்: தண்டனைக்குரிய குற்றம், தானாகத் தீராத நோய். ஒன்றுக்கு நீதிபதி வேண்டும், மற்றதற்கு வைத்தியர். அடுத்த வாரம் அந்தப் பையனிடம் உன் கேள்விதான் சரி என்று சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 12, புதன்

பையன் கிளப்பிவிட்டது அடங்கவில்லை. பிறந்த குழந்தைக்குப் பாவம் உண்டா? 'என் தாய் என்னைப் பாவத்தில் கர்ப்பந்தரித்தாள்' என்று 51ஆம் சங்கீதம் சொல்கிறது. இந்தச் சண்டை பழையது. பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த பெலாகியு என்பவர், மனிதன் மனம் வைத்தால் பாவம் இல்லாமல் வாழ முடியும், ஆதாமின் தவறு அவனோடு சரி என்றார். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து பிஷப் அகுஸ்தீன் அதை விடவில்லை. 418இல் கார்த்தேஜில் கூடிய பிஷப்புகளின் சங்கம் பெலாகியுவின் போதனையைத் தள்ளியது.

அகுஸ்தீன் இதற்கு ரோமர் 5:12ஐக் கையில் எடுத்தார். அவர் படித்த லத்தீனில் அது ஆதாமுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று வாசிக்கும்படி இருந்தது. கிரேக்கத்தை 'பாவம் செய்தபடியால்' என்று எடுப்பதே பொருத்தம் என்பவர்கள் அதிகம். நம் தமிழ் வேதாகமமும் 'எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்' என்றே சொல்கிறது. கீழை ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள், ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது சாவும் சீர்கேடும், அவனுடைய குற்றப்பழி இல்லை என்கின்றன. எனக்கு அதுதான் ஒத்துப்போகிறது. ஆனால் அகுஸ்தீன் தன் பதினாறு வயதில் கூட்டாளிகளோடு பேரிக்காய் திருடியதை எழுதியிருப்பதைப் படிக்கும்போது அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறேன். பசியில்லை, வீட்டில் அதைவிட நல்ல பழம் இருந்தது, திருடியதைப் பன்றிக்குப் போட்டார்கள். திருட்டே ருசியாக இருந்ததாம். தெருவில் மாங்காய் அடித்து வளர்ந்த எவனுக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

மார்ச் 21, வெள்ளி

லெந்து கூட்டத்தில் பாடகர் குழு 'அமேசிங் கிரேஸ்' என்ற ஆங்கிலப் பாட்டைப் பாடியது. இதே மார்ச் 21ஐத்தான் அதை எழுதிய ஜான் நியூட்டன் ஒவ்வொரு வருடமும் நினைவுகூர்ந்தார், 1748இல் அட்லாண்டிக் புயலில் கப்பலோடு மூழ்காமல் தப்பிய நாள் என்று. கப்பலின் ஒரு பக்கம் பிய்ந்துபோக, மணிக்கணக்கில் பம்பு அடித்திருக்கிறார். சரக்கு பெரும்பாலும் தேன்மெழுகும் மரமும், தண்ணீரைவிட லேசானவை. மூழ்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரசங்கியார் கதையை இந்த இடத்தில் முடித்தார். புயல், மனமாற்றம், பாட்டு. எல்லா மேடையிலும் இப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு மீதிக் கதைதான் பெரிதாகப் படுகிறது.

புயலுக்குப் பிறகு நியூட்டன் அடிமை வியாபாரத்தை விடவில்லை. அடிமைக் கப்பலில் முதலில் துணை அதிகாரியாகவும், 1750இலிருந்து கேப்டனாகவும் போனார். மனந்திரும்பிய பிறகு! ஞாயிறு தோறும் மேல்தளத்தில் மாலுமிகளுக்கு ஜெபம் வாசித்தார். கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்தவர்கள் விலங்கோடு, அலமாரியில் அடுக்கிய புத்தகங்களைப் போல நெருக்கிக் கிடந்தார்கள். இது பிற்பாடு அவரே சொன்ன உவமை. ஒரு சிறைக் காவலாளி மாதிரி ஆகிவிட்டோமே என்ற சங்கடம் இருந்ததாம், வேறு தொழில் தரும்படி ஜெபித்தாராம். ஆனால் தொழிலே தப்பு என்று தோன்றவில்லை. அந்தக் காலத்தில் அது கௌரவமான வேலை, சட்டப்படி சரி. 1754இல் கடலை விட்டதுகூட வலிப்பு வந்து உடம்பு ஒத்துழைக்காததால்தான். அப்புறம் 1764இல் குருப்பட்டம், பாட்டுகள், நல்ல பெயர். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் வெளிப்படையாக எழுதியது 1788இல். புயல் நடந்து நாற்பது வருடம். இந்த அறிக்கை எவ்வளவு உண்மையானாலும், நடந்த கேட்டைத் தடுக்கவோ சரிசெய்யவோ முடியாதபடி தாமதமாக வருகிறது என்று அதில் ஒப்புக்கொள்கிறார். அந்த வியாபாரத்தை ஒழிக்கும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது, டிசம்பரில் அவர் இறந்தார்.

இரட்சிக்கப்பட்ட ஒருவனுக்குத் தன் கண்ணெதிரே இருந்த பாவம் தெரிய அத்தனை வருடம். அவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது இந்த வீடு எப்படி எனக்கு முழுசாக வந்தது என்ற நினைப்பு வந்தது.

மார்ச் 24, திங்கள்

பீரோவிலிருந்து 2009 பத்திரத்தை எடுத்தேன். விடுதலைப் பத்திரம், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதுவது. பெயரைப் பாருங்கள், விடுதலை!

அப்பா உயில் எழுதவில்லை. அம்மா முன்பே போய்விட்டாள். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925படி கிறிஸ்தவர்களுக்கு மகனும் மகளும் சமம், அதாவது வீட்டில் பாதி அக்காவுடையது. அக்கா மகனுக்கு காலேஜ் பணம் கட்ட வேண்டிய நேரம். ஐம்பதாயிரம் கொடுத்தேன். பாதி வீட்டின் விலை அதைப் போல எத்தனையோ மடங்கு. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 'பொம்பளப் பிள்ளைக்குத்தான் கல்யாணத்துல போட்டாச்சே' என்று சொந்தக்காரர்கள் தலையாட்டினார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பெருவிரல் உருட்டிவிட்டு வெளியே வந்தவள், மை துடைக்க எதுவும் இல்லாமல் தலைமுடியில் தேய்த்துக்கொண்டாள். என் சட்டைப்பையில் கைக்குட்டை இருந்தது.

பக்கத்து வீட்டு ரோமன் கத்தோலிக்க டீச்சர் இரட்சிப்பு என்று சொல்ல மாட்டார், மீட்பு என்பார். அடகு வைத்த நகையை மீட்கிறோமே, அந்தச் சொல். பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 25இல் ஒருவன் ஏழைப்பட்டுத் தன் நிலத்தை விற்றால் நெருங்கிய உறவுக்காரன் வந்து மீட்க வேண்டும் என்று இருக்கிறது. அக்கா கஷ்டப்பட்ட நேரத்தில் நெருங்கிய உறவுக்காரன் நான்.

மார்ச் 30, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. மனைவியிடம் சொன்னேன். "வீட்டைப் பிரிச்சா நம்ம பய எங்க போவான்?" என்றாள். நியாயமான கேள்வி.

ஏப்ரல் 6, ஞாயிறு

பிள்ளைகளுக்கு இன்று சகேயு, வரி வசூலித்துப் பணக்காரனானவன். இயேசுவைப் பார்க்க அவன் காட்டத்தி மரத்தில் ஏறியதை நடித்துக் காட்டினார்கள், பெஞ்சு ஒன்று உடைந்தது. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்கிறான் சகேயு. லேவியராகமம் 6 கேட்பது முதலோடு ஐந்தில் ஒரு பங்குதான்.

ஆராதனை முடிந்து குருவானவரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன், திருப்பிக் கொடுத்தால் பாவம் போய்விடுமா என்று. சிரித்தார். "சகேயு கொடுத்ததனால இயேசு அவன் வீட்டுக்குப் போகல அண்ணாச்சி. போனதுக்கப்புறந்தான் அவன் கொடுத்தான். வரிசையை மாத்திராதீங்க." பாவத்தின் சம்பளம் மரணம், தேவனுடைய கிருபைவரமோ நித்தியஜீவன் என்று பவுல் ஒரு பக்கம் சம்பளம், மறுபக்கம் இனாம் என்று வைத்திருப்பதையும் ஞாபகப்படுத்தினார். சரி. அப்படியானால் கொடுக்காமல் இருந்தால்? "அப்போ அவர் வீட்டுக்கு வந்தாரான்னு யோசிக்கணும்" என்றார். பெயர் சொல்லாவிட்டாலும் அவருக்குப் புரிந்துவிட்டது.

ஏப்ரல் 12, சனி

தூத்துக்குடிக்கு பஸ். அக்கா கூட்டாஞ்சோறு வைத்திருந்தாள். சாப்பிட்டு முடிக்கும் வரை வெயிலைப் பற்றியே பேசினோம். கை கழுவிவிட்டு வந்து சொன்னேன், பாதி வீட்டை உன் பேருக்கு எழுதுகிறேன், மன்னிச்சிரு என்று. பஸ்ஸில் ஒத்திகை பார்த்த மற்றதெல்லாம் மறந்துபோனது.

அக்கா தட்டுகளை அடுக்கினாள். "நான் மன்னிச்சேன்னு சொன்னா உனக்குத் தூக்கம் வரும்லே. எனக்கு?"

எனக்குப் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "அன்னைக்குக் காலைல பத்திர ஆபீசுக்குக் கிளம்பும்போது நீ ஜெபம் பண்ணினியே, ஞாபகம் இருக்கா? தடையில்லாம நடக்கணும்னு. நானும் ஆமென் சொன்னேன்."

ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை. நியூட்டனைப் பற்றி அன்று எழுதியதைத் திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

கிளம்பும்போது, "எழுதணும்னா எழுது. வாங்க நான் வாரேனான்னு அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள். முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். 'பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே.' எனக்கு அன்று தெரிந்திருந்தது. சந்தை விலை விசாரித்துவிட்டுத்தான் ஐம்பதாயிரம் என்று சொன்னேன். அறியாதவர்கள் கணக்கில் என்னைச் சேர்க்க முடியுமா? மற்ற ஆறு வார்த்தைகளில் என்ன பேசினார்கள் என்று மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பத்திர எழுத்தரிடம் போனேன். தான செட்டில்மெண்ட் போட்டுவிடலாம் என்றார். கணினியில் பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்ற ஆரம்பித்தார். 'தங்கள் மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று ஒரு வரி தானாக இருந்தது.

"அந்த இடத்தில் வேற எழுதலாமா? நான் இவங்களுக்குப் பட்ட கடன், அப்படின்னு?"

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கடன்னு போட்டா அது வேற பத்திரம் அண்ணாச்சி, தீர்வையும் வேற. அன்புன்னே இருக்கட்டும்." அப்புறம் இருவரின் ஆதார் நகலும் கேட்டார். வாங்குகிறவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், வருவார்களா என்றார். தெரியவில்லை என்றேன்.

வெளியே வந்து அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் 'ஆதார் வேண்டும்' என்று மட்டும் அனுப்பினேன். ராத்திரி ஒன்பதரைக்குப் படம் வந்தது. கூட ஒரு வார்த்தையும் இல்லை. முன்பக்கம் மட்டும் இருக்கிறது, பின்பக்கமும் வேண்டும். நாளைக்குக் கேட்கலாம்.