பி.எஸ்.ஐ.ஆர். (அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும்) விருப்பப்பாடம்: மார்க்சியப் பகுதியை ‘யாருக்கு எதிராக?’ என்று கேட்டுப் படியுங்கள்

சிவில் சர்வீஸ் தேர்வு முடிவுகள் வந்தாயிற்று. மதிப்பெண் பட்டியலில் விருப்பப்பாடம்தான் கரை சேர்த்திருக்கிறது. அந்த நிம்மதி ஆறுவதற்குள், மார்க்சியப் பகுதியை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை எழுதி வைக்கிறேன். இந்தப் பகுதியை ஆண்டுதோறும் பலர் ‘நாலு பக்க நோட்ஸ் போதும்’ என்று தாண்டிப் போவதைப் பார்க்க ஆற்றாமையாக இருக்கிறது. சிறையிலும் நாடுகடத்தலிலும் எழுதப்பட்ட சிந்தனை இது. நாலு பக்கத்துக்குள் அடங்காது. அடக்கினால் மதிப்பெண்ணும் வராது.

பாடத்திட்டம் உங்களுக்குத் தெரியும். மார்க்சியம் அதில் ஐந்து இடங்களில் வருகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: அரசு பற்றிய கோட்பாடுகள், அரசியல் கருத்தியல்கள், மேலைச் சிந்தனையாளர்களில் மார்க்சும் கிராம்சியும், இந்திய தேசிய இயக்கம் பற்றிய பார்வைகள், தாள் இரண்டில் பன்னாட்டு உறவு அணுகுமுறைகள். ஐந்துக்கும் தனித்தனி நோட்ஸ் எடுத்தால் ஒரே விஷயத்தை ஐந்து முறை மேலோட்டமாகப் படித்தவராவீர்கள்.

அதற்குப் பதிலாக ஒரே வேலை செய்யுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு அட்டை. அதில் நான்கு வரி: ஆண்டு, எதிராளி, சண்டையின் பொருள், முடிவாகச் சொன்னது. இரண்டாவது வரிதான் உயிர். புரட்சிகர சோஷலிசத்தின் முக்கிய நூல்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவருக்குச் சொன்ன பதில். கேள்வி தெரியாமல் பதிலை மட்டும் மனப்பாடம் செய்பவர் எழுதும் விடை கோஷமாகத்தான் இருக்கும். எதிராளியின் பெயரைச் சொல்லித் தொடங்கும் விடையில் வாதமும் எதிர்வாதமும் தானாக வந்துவிடும். ‘விமர்சனரீதியாக ஆராய்க’ என்று கேட்டாலும் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை.

என் அட்டைகளில் முக்கியமானவை:

1859, மார்க்சின் ‘அரசியல் பொருளாதார விமர்சனத்துக்கு ஒரு பங்களிப்பு’ நூலின் முன்னுரை. எதிராளி ஹெகல் மரபு. பொருளாதாரம் அடித்தளம், சட்டமும் அரசியலும் அதன் மேல் எழும் மேற்கட்டுமானம் என்ற வாசகம் இங்கேதான். இதை மட்டும் எழுதி நிறுத்தினால் ‘மார்க்ஸ் பொருளாதாரமே எல்லாம் என்றார்’ என்ற தப்பான முடிவில் விழுவீர்கள். 1890இல் எங்கெல்ஸ் பிளாக் என்பவருக்கு எழுதிய கடிதத்தைச் சேர்த்தே எழுதுங்கள். பொருளாதாரம் கடைசிக்கும் கடைசியாகத்தான் தீர்மானிக்கிறது, அது ஒன்றே தீர்மானிக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை என்கிறார்.

1875, மார்க்சின் கோத்தா வேலைத்திட்ட விமர்சனம். எதிராளி ஜெர்மன் சோஷலிஸ்ட் லசாலின் வழிவந்தவர்கள். கம்யூனிசத்தின் முதல் கட்டத்தில் உழைப்புக்கேற்ற பங்கு, உயர்ந்த கட்டத்தில் தேவைக்கேற்ற பங்கு. இரண்டையும் குழப்பி எழுதுவது மிகப் பரவலான பிழை. அச்சானது 1891இல்தான்.

1899, சீர்திருத்தமா புரட்சியா. புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் எழுதியது, எதிராளி சீர்திருத்தமே போதும் என்ற ஜெர்மன் சமூக ஜனநாயகவாதி பெர்ன்ஸ்டைன். பெர்ன்ஸ்டைன் பக்க வாதத்தை நேர்மையாகப் படியுங்கள்: நடுத்தர வர்க்கம் அழியவில்லை, வாக்குரிமை விரிகிறது, நெருக்கடிகள் தணிகின்றன, பிறகு புரட்சி எதற்கு? ‘இன்றைக்குப் பொருந்துமா?’ என்ற கேள்வியின் பாதி இதுவேதான். லக்சம்பர்க்கின் பதில்: சீர்திருத்தத்தை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வழி, புரட்சி இலக்கு. வழியையே இலக்காக்கினால் போய்ச் சேரும் இடமே வேறாகிவிடும்.

1902, என்ன செய்ய வேண்டும். லெனின், பொருளாதாரக் கோரிக்கையோடு நின்றவர்களுக்கு எதிராக. 1904இல் அதே லெனினுக்கு எதிராக லக்சம்பர்க், கட்சி அமைப்பின் மையப்படுத்தல் பற்றி. இந்த இரண்டு அட்டைகளையும் சேர்த்துக் கட்டி வையுங்கள்.

1917, லெனினின் அரசும் புரட்சியும். எதிராளி ஜெர்மன் மார்க்சியர் காவுட்ஸ்கியும், சோஷலிஸ்ட் கட்சிகளின் பன்னாட்டு அமைப்பான இரண்டாம் அகிலமும். 1914 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி போர்க் கடனுக்கு ஆதரவாக வாக்களித்தது தெரியாமல் இந்த நூலின் கோபம் புரியாது.

1918, ரஷ்யப் புரட்சி பற்றி லக்சம்பர்க் சிறையில் எழுதியது. வேறுவிதமாகச் சிந்திப்பவரின் சுதந்திரமே சுதந்திரம் என்ற வரியை எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள், ‘அவர் அக்டோபர் புரட்சியை எதிர்த்தார்’ என்று முடிக்கிறார்கள். அது பிழை. போல்ஷெவிக்குகள் (லெனினின் கட்சியினர்) துணிந்தார்கள், அதுவே அவர்களின் அழியாத பங்கு என்றுதான் அவர் முடிக்கிறார். அரசியல் நிர்ணய சபையைக் கலைத்ததையும் பத்திரிகை ஒடுக்குமுறையையும் உள்ளே நின்று கண்டித்தவர். 1919 ஜனவரி 15 அன்று பெர்லினில் கொல்லப்பட்டார்.

இத்தாலியக் கம்யூனிஸ்ட் கிராம்சியின் அட்டைக்கு இரண்டு எதிராளிகள். ஒரு பக்கம் இத்தாலியத் தத்துவவாதி குரோச்சேவின் கருத்துமுதல்வாதம், மறுபக்கம் போல்ஷெவிக் தலைவர் புகாரினின் 1921ஆம் ஆண்டுக் கையேட்டில் தெரியும் இயந்திரத்தனமான மார்க்சியம். நோட்ஸ்களில் இரண்டாமவர் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால்தான் பல விடைகளில் கிராம்சி வெறும் பண்பாட்டு ஆய்வாளராகச் சுருங்கிவிடுகிறார். அவர் முன்னால் இருந்தது ஒரு தோல்வி. டூரினில் 1919–20 தொழிற்சாலைக் கவுன்சில்கள், 1920 செப்டம்பரில் ஆலைகளைத் தொழிலாளர்கள் கைப்பற்றல், பிறகு அது அடங்கிப்போதல், 1922இல் முசோலினி. ரஷ்யாவில் வென்றது இத்தாலியில் ஏன் தோற்றது? அதற்கு அவர் கண்ட விடைதான் மேலாதிக்கக் கோட்பாடு: ஆளும் வர்க்கம் பலத்தால் மட்டுமல்ல, மக்களின் சம்மதத்தாலும் ஆள்கிறது. மேற்கில் அரசு வெளி அகழி மட்டுமே, அதன் பின்னால் பள்ளி, தேவாலயம், பத்திரிகை, சங்கம் என்று குடிமைச் சமூகத்தின் கோட்டைகள் வரிசையாக நிற்கின்றன. எனவே நேரடியாகப் பாய்ந்து தாக்கும் நகர்வுப் போர் போதாது, கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடிக்கும் நிலைப் போர் வேண்டும். 1926 நவம்பரில் கைது, 1929 முதல் 1935 வரை குறிப்பேடுகள், 1937இல் மரணம். இதை இரண்டே வரியில் சொல்லிவிட்டு, உயிரோட்டமுள்ள அறிவுஜீவி, வரலாற்றுக் கூட்டணி, செயலற்ற புரட்சி என்று அவருடைய மற்ற கருத்துகளுக்கு நகருங்கள்.

அடுத்தது உபரி மதிப்பு. இங்கே வார்த்தைகளைக் குறைத்துக் கணக்கைப் போடுங்கள். மாறா மூலதனம் (எந்திரம், மூலப்பொருள்) 80, மாறும் மூலதனம் (கூலி) 20, உபரி மதிப்பு (கூலிக்கு மேல் தொழிலாளி உருவாக்குவது) 20 என்றால் பொருளின் மதிப்பு 120. சுரண்டல் வீதம் 20/20, அதாவது 100%. லாப வீதம் 20/100, அதாவது 20%. இப்போது எந்திரம் கூடுகிறது: மாறா மூலதனம் 180, மற்றவை அப்படியே. சுரண்டல் வீதம் மாறவில்லை, லாப வீதம் 10% ஆகிறது. லாப வீதம் சரியும் போக்கு என்பது இதுதான். ‘போக்கு’ என்பதை விட்டுவிடாதீர்கள். அதைத் தடுக்கும் காரணிகளையும் மார்க்சே மூன்றாம் தொகுதியில் பட்டியலிடுகிறார். இந்த நான்கு வரிக் கணக்கு விடைத்தாளில் ஒரு பத்தி விளக்கத்தை மிச்சப்படுத்தும். சுரண்டல் வீதத்தையும் லாப வீதத்தையும் ஒன்றாக எழுதுபவர்கள் ஏராளம்.

பாட்டாளி வர்க்க சர்வாதிகாரம் பற்றிக் கேட்டால் நேராக ஸ்டாலினுக்குத் தாவாதீர்கள். பாரிஸ் தொழிலாளர்கள் நடத்திய ஆட்சியான பாரிஸ் கம்யூனுக்குப் போங்கள்: 1871 மார்ச் 18 முதல் மே 28 வரை, 72 நாள். வாக்காளர்கள் திரும்ப அழைக்கக்கூடிய பிரதிநிதிகள், நிரந்தரப் படைக்குப் பதில் ஆயுதம் தரித்த மக்கள், பொதுப்பணிக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க் உச்சவரம்பு. 1891இல் எங்கெல்ஸ் சொல்கிறார்: பாட்டாளி வர்க்க சர்வாதிகாரம் எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா, பாரிஸ் கம்யூனைப் பாருங்கள். இதை வைத்துக்கொண்டு பின்னால் சோவியத்தில் நடந்ததை விமர்சித்தால், மார்க்சின் அளவுகோலையே வைத்து விமர்சித்ததாக ஆகும். விடைக்கு எடை கூடும்.

அரசுக் கோட்பாட்டுக்கு மார்க்சிடமே இரண்டு பதில்கள். 1848 கம்யூனிஸ்ட் அறிக்கையில் அரசு முதலாளி வர்க்கத்தின் பொது விவகாரங்களை நடத்தும் குழு. 1852இல் லூயி போனபார்ட் பற்றிய நூலில் எந்த வர்க்கமும் தனியே ஆள முடியாத நிலையில் அரசு ஓரளவு தன்னிச்சையாக எழும்புகிறது. முதல் நூலை மார்க்சிய அரசுக் கோட்பாட்டாளர் மிலிபாண்டோடும் (1969), இரண்டாவதை இன்னொரு கோட்பாட்டாளர் புலாண்ட்சாஸோடும் (1968) இணையுங்கள். பின்காலனிய அரசு பற்றிக் கேட்டால் பாகிஸ்தானிய சமூகவியலாளர் ஹம்சா அலவியின் 1972ஆம் ஆண்டுக் கட்டுரை இரண்டாவது வழியின் நீட்சி. மூன்று தலைப்பும் ஒரே இழையில் கோத்துவிடும்.

இனி ‘இன்றைய பொருத்தப்பாடு’. பெரும்பாலானோர் சறுக்கும் இடம். 2008 நெருக்கடி, ஏற்றத்தாழ்வு, பிக்கெட்டி என்று மூன்று பெயரை வீசிவிட்டு முடிக்கிறார்கள். பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் பிக்கெட்டி மார்க்சியர் அல்லர், அவர் பேசும் ‘மூலதனம்’ மார்க்சின் மூலதனமும் அல்ல. அவரை மார்க்சியர் என்று எழுதினால் திருத்துபவருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

பதிலாக ஒரே ஒரு உதாரணத்தை ஆழமாக எடுங்கள். என் தேர்வு ‘மூலதனம்’ முதல் தொகுதியின் 21ஆம் அத்தியாயம், துண்டுக்கூலி. திருப்பூரில் பீஸ் ரேட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மார்க்ஸ் அங்கே சொல்வது: துண்டுக்கூலி என்பது நேரக்கூலியின் மாறுவேடம். வேலையின் தரமும் வேகமும் கூலியாலேயே கட்டுப்படுத்தப்படுவதால் மேற்பார்வை பெருமளவு தேவையற்றுப் போகிறது. இடைத்தரகர்கள் நுழைய வழி பிறக்கிறது. வேலைநேரத்தை நீட்டிப்பது தன் நலன் என்றே தொழிலாளி நினைக்கத் தொடங்குகிறார். சக தொழிலாளி போட்டியாளராகிறார். இந்த நான்கையும் ஒரு உணவு டெலிவரி தொழிலாளியின் செயலியோடு பொருத்துங்கள்: ஆர்டருக்கு இவ்வளவு, இலக்கை எட்டினால் ஊக்கத்தொகை, மேற்பார்வையாளர் இடத்தில் மதிப்பீட்டு நட்சத்திரம். நிதி ஆயோக்கின் 2022 அறிக்கைப்படி 2020–21இல் இத்தகைய தொழிலாளர்கள் 77 லட்சம், 2029–30இல் 2.35 கோடி ஆகலாம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களை மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர்கள் என்றே வரையறுக்கிறது. உறவு வெளியே, உபரி உள்ளே. 1867இல் எழுதிய அத்தியாயம் இவ்வளவு நேராக வந்து பொருந்தும்போது ‘பொருத்தமானதே’ என்று தனியாக அறிவிக்க வேண்டியதில்லை.

ஆனால் பொருந்தாததையும் எழுத வேண்டும். முன்னேறிய தொழில் நாடுகளில் வரும் என்று எதிர்பார்த்த புரட்சி 1917இல் ரஷ்யாவில் வந்தது. கிராம்சி அதையே, மார்க்சின் நூலைக் குறித்து, ‘“மூலதன”த்துக்கு எதிரான புரட்சி’ என்று தலைப்பிட்டு எழுதினார். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. வர்க்கம் என்ற ஒற்றைக் கண்ணாடியில் சாதி தெரியாது என்பதை அம்பேத்கர் 1936இலேயே சோஷலிஸ்டுகளிடம் நேராகக் கேட்டார்: சாதி வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரிப்பது. இந்த வரி இல்லாத இந்திய விடை எனக்கு முழுமையாகத் தோன்றுவதில்லை. நாடாளுமன்ற வழிக்கு இரண்டு உதாரணங்களை எதிரெதிரே வையுங்கள். கேரளத்தில் 1957இல் தேர்வான கம்யூனிஸ்ட் அரசு 1959 ஜூலை 31இல் அரசியலமைப்பின் 356ஆவது பிரிவால் நீக்கப்பட்டது. சிலியில் 1970இல் வென்ற சோஷலிஸ்ட் அதிபர் அயெந்தே 1973 செப்டம்பர் 11இல் இராணுவத்தால் வீழ்த்தப்பட்டார். பெர்ன்ஸ்டைன்–லக்சம்பர்க் அட்டை இங்கே மறுபடி பயன்படும்.

தேசிய இயக்கப் பார்வையில் 1920இல் லெனினுக்கும் எம்.என். ராய்க்கும் நடந்த விவாதத்தை வைத்தே தொடங்குங்கள். காலனி நாடுகளின் முதலாளித்துவ தேசிய இயக்கத்தை ஆதரிக்கலாமா என்பது கேள்வி. லெனின் ஆதரிக்கலாம் என்றார், ராய் சந்தேகித்தார், கம்யூனிஸ்ட் அகிலத்தின் இரண்டாம் மாநாடு இரு ஆய்வுரைகளையும் ஏற்றது. பிறகு தேசிய இயக்கத்தை மார்க்சிய வழியில் ஆராய்ந்த ரஜனி பாமி தத், ஏ.ஆர். தேசாய். சென்னையில் 1923 மே 1 அன்று சிங்காரவேலர் மே தினம் கொண்டாடி ஒரு தொழிலாளர்–விவசாயிகள் கட்சியைத் தொடங்கியதைத் தமிழில் எழுதும் தேர்வர்கள்கூட விட்டுவிடுகிறார்கள். ஒரு வரி போதும், எழுதுங்கள்.

படிக்கும் வரிசை, என் சுபாவத்துக்கு ஒத்தது. மூல நூலை மெதுவாகப் படிக்கப் பிடிக்காதவர்களுக்கு இது சுமையாக இருக்கலாம்:

– கம்யூனிஸ்ட் அறிக்கையின் முதல் இரண்டு பகுதிகள். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் பழைய தமிழ்ப் பதிப்பு கிடைத்தால் நல்லது.
– 1859 முன்னுரை. சில பக்கங்கள்தான். இரண்டு முறை.
– ‘கூலியுழைப்பும் மூலதனமும்’. மேலே போட்ட கணக்குக்கு அடிப்படை.
– ‘மூலதனம்’ முதல் தொகுதியில் பண்ட வழிபாடு (அத்தியாயம் 1, பகுதி 4), வேலைநாள் (10), துண்டுக்கூலி (21). முழுவதும் படிக்க முயன்று முதல் அத்தியாயத்திலேயே நின்றுபோகாதீர்கள்.
– ‘பிரான்சில் உள்நாட்டுப் போர்’, மூன்றாம் பகுதி.
– லக்சம்பர்க், பிறகு லெனின். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.
– கிராம்சி கடைசியில். முதலில் படித்தால் எதை எதிர்க்கிறார் என்றே தெரியாது.
– அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட்டின் விமர்சனம்: உழைப்பையும் ஆக்கத்தையும் மார்க்ஸ் ஒன்றாக்கிவிட்டார் என்பது (1958). அவரே 1963இல் புரட்சிகளில் எழுந்த கவுன்சில்களைப் போற்றினார். இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

தேர்வு அறையில்: 180 நிமிடம், 250 மதிப்பெண். 10 மதிப்பெண் வினாவுக்கு 7 நிமிடம், பத்து வினாவுக்கு 70. 20க்கு 14, இரண்டு 15க்கு 11 வீதம் 22, ஆக ஒரு தொகுதி 36, மூன்று தொகுதி 108. மொத்தம் 178. மார்க்சிய வினாவில்தான் நேரம் கைமீறும், சொல்ல நிறைய இருப்பதால். 150 சொல் விடையில் ஒரு எதிராளி, ஒரு ஆண்டு, ஒரு இன்றைய உதாரணம், ஒரு மறுப்பு. இரண்டாவது உதாரணம் மனதில் வந்தால் அதை எழுதாமல் அடுத்த வினாவுக்குப் போய்விடுங்கள்.