கம்பத்தின் அடியில் நிற்கும் சில நிமிடங்கள்

என் அண்ணன் மகன் மின்பாதைப் பணியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், "சித்தப்பா, கம்பத்தில் ஏறுவதற்கு முன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டான். டெல்டா பகுதியில் லைன்மேனாகவும் பின்னர் லைன் இன்ஸ்பெக்டராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அவனுக்குச் சொன்னதையும் அன்று சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது கம்பத்தின் அடியை. இரும்புக் கம்பம் மண்ணைத் தொடும் இடத்தில்தான் துருப்பிடித்து மெலியும் என்பதால், மேலே பூசியுள்ள வண்ணம் புதிதாக இருந்தாலும் அடிமண்ணைச் சற்றுத் தோண்டிச் சுரண்டிப் பார்க்க வேண்டும். சிமென்ட் கம்பத்தில் விரிசல் ஓடியிருந்தாலோ, காரை உதிர்ந்து உள்கம்பி தெரிந்தாலோ அதில் ஏறக் கூடாது. கம்பத்தின் நீளத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. வாய்க்கால் கரையில் நட்ட கம்பத்துக்குக் கரை அரித்த பிறகு அந்தக் கணக்கு பொருந்தாது.

இவற்றைவிட எளிதில் கண்ணுக்குத் தப்புவது இழுவிசை. இரு பக்கக் கம்பிகளும் சமமாக இழுத்துப் பிடித்திருப்பதால்தான் பல பழைய கம்பங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. மேலே ஏறியவர் ஒரு பக்கக் கம்பியை அவிழ்த்த கணமே கம்பம் மறுபக்கம் சாய்ந்து, பெல்ட்டால் தன்னைப் பிணைத்துக்கொண்டவரையும் சேர்த்துக் கீழே கொண்டுவரக்கூடும். ஆகவே எந்தக் கம்பியை அவிழ்க்கப் போகிறோம், அவிழ்த்த பின் கம்பத்தைத் தாங்கப் போவது எது, கம்பத்தைச் சாயாமல் நிலத்தோடு இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி தொய்வில்லாமல் இருக்கிறதா என்பவற்றைத் தரையில் நின்றே தீர்மானித்துவிட வேண்டும்.

அடுத்தது மின்சாரம். "லைன் ஆஃப் பண்ணியாச்சு" என்று தொலைபேசியில் கேட்ட சொல்லை மட்டும் நம்பி ஏறுவதைவிடப் பெரிய ஆபத்து இந்தத் தொழிலில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. எந்த ஃபீடருக்கு (துணைமின் நிலையத்திலிருந்து வரும் மின்பாதைக்கு) எல்.சி., அதாவது மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்வதற்கான ‘லைன் கிளியர்’ அனுமதி, வாங்கியிருக்கிறோம், நாம் ஏறும் கம்பத்தில் வேறொரு ஃபீடரும் செல்கிறதா, மேலே குறுக்கே போகும் கம்பி எது என்று பார்க்க வேண்டும். பாதையைத் துண்டிக்கக் கம்பத்தில் பொருத்தியிருக்கும் ஏ.பி. சுவிட்சின் மூன்று பிளேடுகளும் முழுமையாகத் திறந்திருப்பதைக் கண்ணால் கண்டு, கைப்பிடியைப் பூட்டிச் சாவியை நம் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை செய்தும் கம்பியில் மின்சாரம் இருக்கக்கூடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சேதமடைந்தன. அதைத் தொடர்ந்த இருண்ட நாள்களில் ஒரு தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் சுவிட்சைத் திறந்துவிட்டு வேலையைத் தொடங்கவிருந்தோம். வழக்கம்போல் வைத்துப் பார்த்த சோதனைக் கருவி கம்பியில் மின்சாரம் இருப்பதாகக் காட்டியது. தேடிச் சென்றபோது, ஒரு கடையில் மெயின் சுவிட்சை அணைக்காமலேயே ஜெனரேட்டரை வயரிங்கில் இணைத்திருந்தார்கள். தெருவின் சுமையைத் தாங்காமல் சிறிய ஜெனரேட்டர் தானே நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். புயலில் அறுந்து தனித்துக் கிடக்கும் பாதையில் அத்தகைய சுமையே இருக்காது என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. தாழ்வழுத்தப் பக்கம் (வீடுகளுக்கு மின்சாரம் செல்லும் பக்கம்) சுவிட்ச் திறக்கப்படாத டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்த 230 வோல்ட் தலைகீழாகச் சென்றால், 11 கே.வி. (11,000 வோல்ட்) பக்கத்தில் பல ஆயிரம் வோல்ட்டாக வெளிவரும்.

அதனால்தான் வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும் கம்பியை நிலத்தோடு இணைக்கும் எர்த் ராடு போட வேண்டும். முதலில் அதன் நில முனையை மண்ணில் இணைத்த பிறகே கம்பியில் மாட்ட வேண்டும். கழற்றும்போது கம்பியில் உள்ளதை முதலிலும் நில முனையைக் கடைசியிலும் எடுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் கையில் இருக்கும் அந்த ராடே நம்மைத் தாக்கும். கம்பியைக் கையாளும் முன் நிலத்தோடு இணைத்து மின்னை வெளியேற்ற வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் உள்ளது.

விழுவதைப் பற்றி அவனுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் ஒரே நொடியில், மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுவார். உச்சிக்குப் போன பிறகு இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொள்ளலாம் என்ற பழக்கம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒருவரைப் பாதுகாப்பு இல்லாதவராக விட்டுவிடுகிறது. தோளையும் தொடையையும் சேர்த்துப் பிணைக்கும் முழு உடல் ஹார்னஸ் இடுப்பு பெல்ட்டைவிட மேலானது. ஆனால் அதில் அசைவின்றித் தொங்குபவருக்குக் கால்களில் ரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், அவரைச் சில நிமிடங்களில் இறக்கத் தெரிந்த ஒருவர் கீழே இருந்தாக வேண்டும். தனியாளாக ஏறக் கூடாது. குளவிக்கூடு, ஈரக் கம்பம், பலத்த காற்று ஆகியவற்றையும் ஏறும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

"மழை தூறும்போது ஏறச் சொன்னால்?" என்று கேட்டான். ஏற இயலாது என்று சொல்லிவிட்டுக் காரணத்தை எழுதிக் கொடு என்றேன். மாலையில் அவனை எங்கள் தெருமுனையில் உள்ள இரும்புக் கம்பத்துக்கு அழைத்துச் சென்றேன். அவன் மண்டியிட்டு அடிமண்ணை விலக்கியபோது, புது வண்ணத்துக்குக் கீழே துரு செதில் செதிலாக உதிர்ந்தது. கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிரிவு அலுவலகத்துக்கு அவனே தகவல் சொன்னான்.