எந்தச் சொல்லை நம்பி ஏமாந்தோம்?

வயல் நடுவே ஒருவர் இறந்து கிடக்கிறார். பக்கத்தில் திறக்காத பை ஒன்று. சுற்றிலும் ஈரமண், ஆனால் ஒரு காலடித்தடம்கூட இல்லை. என்ன நடந்தது?

பழைய புதிர்தான். விடை தெரிந்தவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடுகதை என்றால் போட்டவுடன் விடை தோன்றும், அல்லது தோன்றாது. இந்த வகைப் புதிர் அப்படியல்ல. புதிர் போடுபவருக்கு முழுக்கதையும் தெரியும், மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டு அதைத் தோண்டி எடுக்க வேண்டும். பதில் ‘ஆமா’, ‘இல்லை’ இரண்டுக்குள் அடங்கும்படி கேட்க வேண்டும் என்பதே விதி. இவற்றைப் ‘பக்கவாட்டுச் சிந்தனை’ப் புதிர்கள் என்கிறோம். ஆங்கிலத்தில் ‘லேட்டரல் திங்கிங்’ என்ற அந்தப் பெயரை மருத்துவரும் எழுத்தாளருமான எட்வர்ட் டி போனோ 1967இல் வைத்தார். ஜப்பானில் இந்த விளையாட்டையே ‘கடலாமை சூப்’ என்கிறார்கள். கடற்பறவை சூப் குடித்தவரைப் பற்றிய பிரபலமான ஆங்கிலப் புதிர் ஒன்று அங்கே ஆமை சூப்பாக மாறிவிட்டது. சீனர்கள் அதற்கும் மேலே போய், புதிரின் வாசகத்தை சூப்பின் மேற்பரப்பு என்றும் விடையை சூப்பின் அடி என்றும் அழைக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான்.

இதற்குக் கற்பனை வளம் வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. அது பாதிக்கு மேல் தப்பு. கற்பனை வளம் உள்ளவர் முதல் நிமிடத்திலேயே “பையில் பாம்பு இருந்ததா?” என்று ஆரம்பித்து, வெடிகுண்டு, விஷவாயு என்று வரிசையாகக் கேட்டு, இருபது ‘இல்லை’ வாங்கிவிட்டு அலுத்துப்போவார். கணக்குப் போட்டாலே இதன் நஷ்டம் தெரியும். ஆமா, இல்லை இரண்டுக்கும் சம வாய்ப்புள்ள கேள்வி ஒன்றுக்கு ஒரு பிட் தகவல் கிடைக்கும். தகவல் கோட்பாட்டை நிறுவிய கிளாட் ஷானன் 1948இல் வகுத்த அளவு இது. பதினாறில் ஒரு வாய்ப்புள்ள ஊகத்தைக் கேட்டால் சராசரியாகக் கிடைப்பது 0.34 பிட்தான். அதாவது பாம்பு, குண்டு, வாயு மூன்றையும் கேட்டு முடித்தால்தான் பாதிக்குப் பாதி பிரிக்கும் ஒரு கேள்விக்கு ஈடாகும். சரிபாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் 20 கேள்வியில் 10,48,576 பொருள்களிலிருந்து ஒன்றைப் பிடித்துவிடலாம்.

ஆனால் இந்தக் கணக்கை மட்டும் நம்பினாலும் மாட்டிக்கொள்வோம். ‘மனசுல ஒரு பொருள் நினைச்சுக்கோ’ விளையாட்டில் எதைப் பாதியாகப் பிரிக்கிறோம் என்பது தெரியும். இங்கே விடை நாம் பிரித்துக்கொண்டிருக்கும் பெட்டிக்கு வெளியே இருக்கும். வாசகத்தைக் கேட்ட கணத்தில் மனசு ஒரு படம் வரைந்துவிடுகிறது: வயல், நடந்து வந்த ஆள், கையில் பை. அந்தப் படத்துக்குள்ளேயே எவ்வளவு ஒழுங்காகப் பிரித்தாலும் விடை வராது. அதனால் முதல் ஏழெட்டுக் கேள்விகளை விடையைத் தேடச் செலவிடாமல், வாசகத்தின் சொற்களைத் தட்டிப் பார்க்கச் செலவிட வேண்டும். ஒரு தாளில் வாசகத்தை அப்படியே எழுதி, பெயர்ச்சொல், வினைச்சொல் ஒவ்வொன்றின் கீழும் கோடு போடுங்கள். கோடு போட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி.

வயல் புதிரில் செய்து பார்ப்போம். “இறந்தது மனிதரா?” ஆமா. “உயிர் போனது அந்த வயலிலேயா?” ஆமா. “உடம்பில் அடிபட்ட காயம் உண்டா?” ஆமா. “எதனால் அடிபட்டதோ அந்தப் பொருள் இப்போதும் அங்கே இருக்கிறதா?” ஆமா.

இந்த நாலாவது பதிலில்தான் பெரும்பாலான குழுக்கள் வழுக்கி விழும். எல்லோர் கண்ணும் பையின் மேல் போகும். “பையால் அடிபட்டதா?” இல்லை. “பைக்குள் இருப்பதாலா?” இல்லை. இன்னும் நாலைந்து கேள்வி பையைச் சுற்றியே கரையும். அடித்தது தரை. தரையும் அங்கேயேதான் இருக்கிறது. பதில் முழு உண்மை, ‘பொருள்’ என்றதும் கையில் எடுக்கக்கூடிய ஒன்றை நினைத்தது நம் தவறு.

மீள்வதற்கு வழி, இன்னும் தட்டாத சொல் எது என்று தாளைப் பார்ப்பது. காலடித்தடம். “நடந்து வந்தாரா?” இல்லை. “வண்டியிலோ வேறு விதமாகவோ தரை வழியே வந்தாரா?” இல்லை. மிச்சம் ஒரே திசைதான். “பை திறந்திருந்தால் பிழைத்திருப்பாரா?” ஆமா. பாராசூட்.

கடைசிக் கேள்வியின் வடிவத்தைக் கவனியுங்கள். ‘இப்படி இருந்திருந்தால் அப்படி ஆகியிருக்குமா’ என்ற கேள்விதான் இந்த விளையாட்டில் மிகக் கூர்மையான ஆயுதம். ஒரு விவரம் வெறும் அலங்காரமா, கதையைத் தாங்கும் தூணா என்பதை ஒரே கேள்வியில் காட்டிவிடும். லிஃப்ட் புதிர் பலரும் கேட்டதுதான்: பத்தாம் மாடிக்காரர் தினமும் லிஃப்டில் கீழே இறங்குவார், திரும்பும்போது ஏழாம் மாடிவரை லிஃப்ட், அப்புறம் படி. மழை பெய்தாலோ கூட ஆள் இருந்தாலோ மட்டும் நேரே பத்துக்குப் போவார். “அதே மாடியில் இருக்கும் வேறொருவரும் இப்படித்தான் செய்வாரா?” என்று கேட்டால் இல்லை என்று வரும். உடற்பயிற்சி, பழுதான லிஃப்ட், ஏழாம் மாடி சிநேகிதி என்று ஒவ்வொன்றாக ஊகிக்காமல், “விரும்பித்தான் ஏழில் இறங்குகிறாரா?” என்று கேட்டால் அதற்கும் இல்லை. இரண்டே கேள்வியில் காரணம் கட்டடத்தில் இல்லை, மனசிலும் இல்லை, உடம்பில் என்று வந்துவிட்டது. கை எட்டாத உயரம். மழை நாளில் குடை இருக்கும், குடையின் நுனி பத்தாம் பொத்தானை எட்டும்.

இன்னொரு பழக்கத்தையும் வலிந்து மாற்ற வேண்டும். உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் ஒரு சோதனை செய்தார். 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை, வேறு எண்களைச் சொல்லிப் பார்த்து விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பலரும் 8, 10, 12 என்று தங்கள் ஊகத்துக்குப் பொருந்துவதையே சொன்னார்கள், ‘சரி’ என்ற பதிலை வாங்கி, இரண்டிரண்டாகக் கூடுவதே விதி என்று முடிவு கட்டினார்கள். உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவே. “கொலைதானே?” என்று கேட்பவர் செய்வதும் இதுதான். ‘தானே’ போட்டுக் கேள்வி வந்தால் கேட்பவர் விடையை ஏற்கெனவே எழுதிவிட்டார் என்று அர்த்தம். ‘இல்லை’ வரும் என்று எதிர்பார்த்துச் சில கேள்விகளாவது கேட்க வேண்டும். அங்கே ‘ஆமா’ வந்தால் அதுதான் புதையல்.

தமிழில் விளையாடும்போது வரும் தனிச் சிக்கல் எதிர்மறைக் கேள்வி. “அவர் தானாக விழலையா?” என்று கேட்டால், ‘இல்லை’ என்ற பதிலை ‘விழவில்லை’ என்றும் எடுத்துக்கொள்ளலாம், ‘அப்படி இல்லை, விழுந்தார்’ என்றும் எடுத்துக்கொள்ளலாம். குழுவில் இருவர் இருவிதமாகப் புரிந்துகொண்டு பத்து நிமிடம் வேறு வேறு திசையில் தோண்டுவார்கள். எதிர்மறைக் கேள்வியைத் தடைசெய்துவிடுவது நல்லது. தவறிக் கேட்டுவிட்டால், புதிர் போடுபவர் வினையோடு சேர்த்து ‘விழவில்லை’ என்று முழுதாகச் சொல்லட்டும். ‘கொலையா, தற்கொலையா?’ என்பது இரண்டு கேள்வி, அதைப் பிரித்துத்தான் கேட்க வேண்டும்.

புதிர் போடுபவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆட்டம் கெடுவது பெரும்பாலும் அவரால்தான். ஆமா, இல்லை தவிர இன்னும் இரண்டு பதில் அவர் கையில் இருந்தாக வேண்டும். ஒன்று ‘சம்பந்தமில்லை’. இன்னொன்று ‘கேள்வியிலேயே தப்பு இருக்கு’. “அவர் மனைவிக்கு இது தெரியுமா?” என்ற கேள்விக்கு வெறும் ‘இல்லை’ என்றால், கதையில் இல்லாத மனைவி அந்த நிமிடத்தில் பிறந்துவிடுவார். அதற்கப்புறம் அவரைக் கதையிலிருந்து விரட்டுவது சிரமம். ‘சம்பந்தமில்லை’யை மட்டும் அளந்து பயன்படுத்த வேண்டும். பாராசூட்டை மடித்து வைத்தது யார் என்பது புதிரில் இல்லை. “வேறொருவர் தவறால் இறந்தாரா?” என்று கேட்டால் என்ன சொல்வது? ஆட்டம் தொடங்கும் முன்பே இதுபோன்ற ஓட்டைகளை யோசித்து வைக்காதவர் அங்கே ‘ம்ம்…’ என்று இழுப்பார். அந்த இழுப்பே பெரிய துப்பு. குரலும் முகமும் ‘ஆமா’வுக்கு ஒன்று, ‘இல்லை’க்கு ஒன்று என்று மாறக் கூடாது.

தவறான பதில் சொல்லிவிட்டால் தெரிந்த உடனே திருத்துங்கள். அதன் விலையைக் கணிதக்காரர்கள் துல்லியமாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். பத்து லட்சம் எண்களில் ஒன்றை நினைத்திருப்பவர் அதிகபட்சம் ஒரு பொய் சொல்லலாம் என்றால் எத்தனை கேள்வி வேண்டும் என்று ஸ்டானிஸ்வாவ் உலாம் 1976இல் கேட்டார். 1987இல் பெல்ட்ஸ் என்பவர் கண்ட விடை 25. பொய் இல்லையென்றால் 20 போதும். ஒரே ஒரு பொய், அதுவும் வரலாம் என்று முன்பே தெரிந்திருந்தும், ஐந்து கேள்வி கூடுதல். நம் ஆட்டத்தில் பொய் வந்ததே தெரியாது.

நடத்தும் முறை எளிது. நாலிலிருந்து ஆறு பேர் போதும். பத்துப் பேர் என்றால் இருவர் மட்டும் பேசுவார்கள். முறை வைத்து ஆளுக்கு ஒரு கேள்வி, உறுதியானவற்றைப் பலகையில் எழுத ஒருவர். எட்டுப் பத்துக் கேள்விக்கு ஒருமுறை எழுதியதை உரக்கப் படியுங்கள். தொடர்ந்து பத்து ‘இல்லை’ வந்தால் ஒரு துப்பு தரலாம். ஆனால் புதுத் தகவலாக வேண்டாம், “எந்தச் சொல்லை இன்னும் யாரும் தொடவில்லை?” என்று மட்டும் கேளுங்கள். விடையில் கட்டாயம் வர வேண்டிய இரண்டு மூன்று அம்சங்களை முன்பே எழுதி வைத்தால், கடைசியில் ‘கிட்டத்தட்டச் சரிதான்’ என்ற சண்டை வராது. புதிர் ஏற்கெனவே தெரிந்தவர் கமுக்கமாகப் புதிர் போடுபவர் பக்கம் வந்து உட்கார்ந்துவிட வேண்டும்.

ஆங்கிலப் புதிரை அப்படியே தமிழாக்கினால் சில செத்துவிடும், சில இன்னும் நன்றாகும். உடைந்த கண்ணாடித் தொட்டி, தரையில் இறந்த இரண்டு மீன்கள் என்று ஒரு புதிர். மீனுக்கு ஆள் பெயர் வைத்து ஏமாற்றுவதுதான் அதன் உயிர். ‘ராமுவும் சோமுவும் இறந்து கிடக்கின்றன’ என்றால் குட்டு உடைந்தது, ‘கிடக்கிறார்கள்’ என்றால் பொய். ‘இருவரும்’ என்பதும் ஆகாது. ‘ராமுவுக்கும் சோமுவுக்கும் உயிர் இல்லை. தரையெல்லாம் தண்ணீரும் கண்ணாடிச் சில்லும்’ என்று வினைமுற்றைத் தவிர்த்தால் தப்பிக்கலாம். மாறாக, விபத்தில் அடிபட்டு வந்த பையனுக்கு அறுவை செய்ய, மருத்துவர் “இவன் என் மகன்” என்று மறுக்கும் புதிர் தமிழில் அழகாக உட்கார்கிறது. தகப்பன் அதே விபத்தில் இறந்துவிட்டார், மருத்துவர் ‘சொன்னார்’ என்றால் அவர் பையனின் தாய் என்பதை மரியாதை விகுதி மறைத்துக்கொள்ளும். வயல் புதிரின் ‘திறக்காத பை’யும் அப்படித்தான். யாரோ திறக்காத பை, தானே திறக்காத பை, இரண்டுக்கும் அதே சொல்.

புல்வெளியில் நிலக்கரித் துண்டும் கேரட்டும் கழுத்துத்துணியும் கிடக்கின்றன, யாரும் கொண்டுவந்து போடவில்லை என்ற பனிமனிதன் புதிரை நம் ஊர்ப் பிள்ளைகளிடம் போடுவதில் பயனில்லை. பனி உருகிப் பார்த்திராதவர்களுக்கு விடையைச் சொன்னாலும் ‘ஓ’ என்று ஆகாது. அதே அச்சில் இப்படி ஒன்றை வார்க்கலாம்: குளத்தங்கரைச் சேற்றில் இரண்டு குன்றிமணி, பக்கத்தில் கசங்கிய சின்னக் காகிதக்குடை. யாரும் தொலைக்கவில்லை, யாரும் தேடி வரப்போவதுமில்லை. எருக்கம்பூ மாலையையும் சேர்த்துவிடாதீர்கள், இரண்டாம் கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.